ஜேக்கப்புக்கு அந்த முடிவு நியாயமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ட்வைலைட் தொடரோட (பெல்லாங்கற பொண்ணு, அவ காதலிக்கற வாம்பயர் எட்வர்ட், அவள நேசிக்கற ஓநாயா மாறற பையன் ஜேக்கப், இவங்க கதை) கடைசி புக் எனக்கு பிடிக்கலன்னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள பாத்தா இந்த வாரம் வேற எதையும் தொட முடியாது போல. கதையோட முடிவு வரைக்கும் பேசப்போறோம், இன்னும் படிக்காதவங்க அடுத்த பக்கத்துக்கு போயிடுங்க.

கேள்வி: அக்கா, நான் ப்ளஸ் டூ முடிச்சுட்டு லீவுல நாலு புக்கும் படிச்சேன். எட்வர்ட எனக்கு அவ்வளவா பிடிக்கல, ஜேக்கப்தான் எல்லாம். ஓநாய் கூட்டம் வர்ற இடத்துக்காகவே வேகமா படிச்சேன். கடைசி புக்ல அவன் பெல்லாவோட குழந்தைய பாத்ததும் அதுகிட்டயே இம்ப்ரின்ட் (ஓநாய்ங்களுக்கு ஒருத்தர பாத்ததுமே வர்ற, விடவே முடியாத பிணைப்பு) ஆயிடறான்னு வந்ததும் புக்க மூடி வச்சுட்டேன், ரெண்டு நாள் தொடல. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னா "கதைதானே விடு"ங்கறாங்க. எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கா? – மதுரை வாசகி

உனக்கு மட்டும் இல்லம்மா. அந்த கடைசி புக் பிரேக்கிங் டான் 2008 ஆகஸ்ட் 2-ஆம் தேதி வந்தப்போ அமெரிக்கால முதல் நாள்லயே 13 லட்சம் காப்பி வித்துச்சு, அந்த வாரமே கோவமும் கிளம்பிடுச்சு, புக்க கடையில திருப்பி குடுங்கன்னு வாசகர்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாங்க. அவங்க யாரும் தொடர வெறுத்தவங்க இல்ல, அதுக்கு முந்தின ரெண்டு புக்கான நியூ மூனையும் எக்லிப்ஸையும் மனப்பாடமா வச்சிருந்த பசங்க.

இப்ப எனக்கு எங்க வலிச்சதுன்னு சொல்றேன். பெரும்பாலானவங்க "குழந்தைகிட்டயா?"ன்னு அந்த இடத்துலயே நின்னுடறாங்க, நிக்க வேண்டிய இடம்தான். ஆனா அதுக்கு முன்னாடியே ஒண்ணு நடக்குது. கடைசி புக் மூணு பகுதி, நடுவுல இருக்கறது ஜேக்கப் சொல்ற மாதிரி, என்னைக் கேட்டா நாலு புக்லயும் நல்லா எழுதின பகுதி அதுதான். பெல்லா வயித்துல இருக்கற குழந்தை ஆபத்துன்னு ஓநாய் கூட்டத்து தலைவன் சாம் முடிவு பண்ணி, எட்வர்டோட வாம்பயர் குடும்பமான கலன் குடும்பத்தையே தாக்கணும்னு ஆல்ஃபாவா, அதாவது தலைவனா, கட்டளை போடறான். அந்த ஆல்ஃபா குரல் வந்தா ஓநாய்ங்க மறுக்கவே முடியாது, உடம்பே பணிஞ்சிடும், ஜேக்கப்புக்கும் காலு மடங்குது. அப்புறம் அவன் எந்திரிக்கறான் பாரு. பழைய தலைவர் எஃப்ரையம் ப்ளாக்கோட கொள்ளுப்பேரன், அந்த கூட்டத்தோட தலைமை அவனுக்கு உரிமையானது, இத்தனை நாளா வேணாம்னு சொல்லிட்டு இருந்தத அன்னிக்கு எடுத்துக்கறான், எடுத்துக்கிட்டது யாரையும் ஆட்டிவைக்கறதுக்கு இல்ல, தன்னை யாரும் ஆட்டிவைக்கக்கூடாதுன்னு. தனியா காட்டுக்குள்ள கிளம்பிடறான், பின்னாடியே கூட்டத்துலேர்ந்து சேத் வர்றான், அவன் அக்கா லியா வர்றா. அந்த அத்தியாயம் படிச்சப்போ இவன் கதை இனிமே இவன் கையிலதான்னு நான் நிஜமாவே நம்பினேன்.

அதுக்கப்புறம் இன்னொரு இடம், எட்வர்டோட ஆஸ்டன் மார்ட்டின் கார எடுத்துக்கிட்டு ஒரு பார்க்குக்கு போறான். எதுக்குன்னா அங்க வர்ற பொண்ணுங்க முகத்த ஒவ்வொண்ணா பாத்து யார்கிட்டயாவது இம்ப்ரின்ட் ஆயிட்டா பெல்லாவ மறந்துடலாமேன்னு. லிஸ்ஸின்னு ஒரு பொண்ணு கார பாத்துட்டு அவளா வந்து பேசறா, நல்ல பொண்ணு, இவனும் பேசறான், உத்து பாக்கறான், ஒண்ணும் நடக்கல. ஒரு சாதாரண பையன் சாதாரண பொண்ண பாத்து மெதுவா பிடிச்சுப்போகற மாதிரி தனக்கு நடக்கவே நடக்காதான்னு ஏங்கறது அந்த ரெண்டு மூணு பக்கத்துல அப்படியே தெரியும்.

இவ்வளவும் எழுதினவங்களே கொஞ்ச தூரம் தள்ளி என்ன பண்றாங்க? பெல்லா செத்துட்டான்னு நினைச்சு அவன் மாடியிலேர்ந்து இறங்கி வர்றான், அந்த குழந்தைய கொல்லணும்னுதான் வர்றான். எட்வர்ட் குடும்பத்து ரோசலி கையில குழந்தை, பாய ரெடியா இருக்கான், குழந்தை அவ தோளுக்கு மேல எட்டி பாக்குது, பெல்லாவோட அதே பழுப்பு கண்ணு. அவ்வளவுதான். அவன கட்டி வச்சிருந்த கயிறு ஒவ்வொண்ணா அறுந்து – அப்பா, வீடு, கூட்டம், பெல்லா மேல இருந்த காதல், ரோசலி மேல இருந்த வெறுப்பு – எல்லாத்துக்கும் பதிலா எஃகு வடம் மாதிரி ஒண்ணு குழந்தைகிட்ட இழுத்து கட்டிடுது. ஆல்ஃபா கட்டளைய உதறினவன் அதவிட பெரிய கட்டளையில மாட்டிக்கறான், அத நாம சந்தோஷமா ஏத்துக்கணுமாம். அந்த வரிக்கு அப்புறம் அவன் குரல நாம கேக்கவே இல்ல, கவனிச்சியா? மூணாவது பகுதி பூரா பெல்லாதான் சொல்றா. அவன் உள்ளுக்குள்ள என்ன ஆச்சு, நேத்து வரைக்கும் உயிர விட்டு நேசிச்ச பொண்ணு இன்னிக்கு அவனுக்கு என்ன ஆனா, ஒரு வார்த்தை கிடையாது. நியூ மூன்ல உடைஞ்சுபோய் கிடந்த பெல்லாவ, ஷெட்ல ரெண்டு ஓட்ட பைக்க ரிப்பேர் பண்ணிக்கிட்டே மனுஷியாக்கினவன் அவன். அவனுக்கு அவனோட துக்கத்த பட்டு முடிக்கறதுக்காவது இடம் குடுத்திருக்கலாம்.

புக்க மூடி வச்சது சரிதான். "கதைதானே"ன்னு சொல்றவங்க அந்த கதைக்குள்ள இன்னும் போகலன்னு நினைச்சுக்கோ.

கேள்வி: நீங்க அநியாயத்துக்கு திட்றீங்க. எக்லிப்ஸ்லயே ஜேக்கப்போட கூட்டத்து குவில் ரெண்டு வயசு கிளேர்கிட்ட இம்ப்ரின்ட் ஆனது இருக்கு, முதல்ல அண்ணன் மாதிரி, அப்புறம் நண்பன் மாதிரின்னு விளக்கமும் குடுத்திருக்காங்க. எழுத்தாளர் ஒண்ணும் திடீர்னு கொண்டு வரல. – திருச்சி வாசகர்

திடீர்னு கொண்டு வரல, ஒத்துக்கறேன் சார். சொல்லப்போனா நீங்க சொல்றதுக்கும் முன்னாடியே இருக்கு. ட்வைலைட் முடிச்ச கையோட ஸ்டெஃபனி மேயர் எழுதின முதல் தொடர்ச்சிக்கு ஃபாரெவர் டான்னு பேரு, அது புத்தகமா வரல, அதுலயே ஜேக்கப்பும் குழந்தையும் இப்படித்தான். அப்புறம் நடுவுல நியூ மூனும் எக்லிப்ஸும் எழுதினாங்க. எனக்கு தோணறது என்னன்னா அந்த ரெண்டு புக்லயும் ஜேக்கப் அவங்க போட்டு வச்ச திட்டத்தவிட பெருசா வளந்துட்டான், முடிவு மட்டும் பழைய இடத்துலயே நின்னுடுச்சு. ஷேக்ஸ்பியரோட எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்தான் தனக்கு தூண்டுதல்னும் அவங்க சொல்லியிருக்காங்க, அதுல கண்ணுல சாறு பிழிஞ்சதும் யார பாக்கறாங்களோ அவங்க மேல காதல் வந்துடும். ஆனா ஒரு ராத்திரி நடக்கற நகைச்சுவை நாடகத்துக்கு அது தாங்கும். நாலு புக்கு வளத்த காதலுக்கு தாங்காது.

குவில்–கிளேர் விஷயம் ஓரத்துல வந்ததால நாம அப்ப அவ்வளவா யோசிக்கல, அதனால அது சரின்னு ஆயிடாது. இம்ப்ரின்டிங்ங்கறது நிஜத்துல பறவைகள வச்சு சொன்னது, ஆஸ்திரியாக்காரர் கான்ராட் லோரன்ஸ் வாத்துக்குஞ்சுகள வச்சு ஆராய்ஞ்சார், 1973-ல நோபல் பரிசு வாங்கின மூணு பேர்ல ஒருத்தர். அங்க முட்டையிலேர்ந்து வெளிய வந்த குஞ்சுதான் முதல்ல பாக்கறத தாயா நினைச்சு பின்னாடியே ஓடும். இங்க தலைகீழ், வளந்தவன் பிறந்த குழந்தைகிட்ட ஒட்டிக்கறான், அதுவும் ஏழு வருஷத்துல பொண்ணு முழுசா வளந்துடும்னு கதையே கணக்கு சொல்லி நம்மள சமாதானப்படுத்துது. அந்த பொண்ணுக்கு வேற யாரையாவது பிடிச்சா? பிறந்ததுலேர்ந்து பக்கத்துலயே இருந்து தூக்கி வளத்தவன்கிட்ட அவளால வேணாம்னு சொல்ல முடியுமா? புக்ல பெல்லா முதல்ல கொதிச்சு எழறா, ஜேக்கப் மேல பாயறா, குறுக்க வந்த சேத்துக்கு தோள்பட்டை உடையுது, அந்த கோவம் எனக்கு அவ்வளவு நியாயமா பட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அதுவும் அடங்கிடுது.

இன்னொண்ணும் பாருங்க. ஒரு ஓநாய் யார்கிட்ட இம்ப்ரின்ட் ஆகுதோ அவங்கள மத்த ஓநாய்ங்க தொடக்கூடாதுங்கறது கூட்டத்தோட சட்டம். ஆக ஜேக்கப் ஒரு தடவ பாத்ததுல சாமோட சண்டை தீந்துச்சு, பெல்லா நண்பன இழக்க வேண்டியதில்ல, எட்வர்டுக்கு குற்றவுணர்ச்சி இல்ல, எல்லாருக்கும் எல்லாம் கெடச்சாச்சு. எக்லிப்ஸ் பூரா "ஒண்ணு வேணும்னா இன்னொண்ண விட்டே ஆகணும்"னு சொல்லிட்டு வந்த தொடர் அது.

கேள்வி: லியாவ பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்களே? – சேலம் வாசகி

நீங்க கேட்டதுக்கு நன்றி, எனக்கு ஜேக்கப்ப விட இவளுக்காகத்தான் மனசு ஆறல. கூட்டத்துல ஒரே பொண்ணு ஓநாய். அவள காதலிச்ச சாம் அவளோட சொந்தக்கார பொண்ணு எமிலிகிட்ட இம்ப்ரின்ட் ஆயிட்டான், அது போதாதுன்னு ஓநாயா மாறினா எல்லார் நினைப்பும் எல்லாருக்கும் கேக்கும், அவன் எமிலிய நினைக்கறது இவ தலைக்குள்ள ஓடும், இவ அழறது கூட்டம் பூரா கேக்கும். மாதவிலக்கு நின்னுபோய் தன் வம்சம் தன்னோட முடிஞ்சுதுன்னு அவ ஜேக்கப்கிட்ட சொல்ற இடம் இருக்கே, இளைஞர்களுக்கான ஒரு காதல் தொடர்ல அவ்வளவு நேர்மையா ஒரு பேச்ச நான் எதிர்பாக்கவே இல்ல. சாமோட தலைக்குள்ளேர்ந்து தப்பிக்கத்தான் அவ ஜேக்கப் கூட்டத்துக்கு வர்றா, வந்து ரெண்டாவது இடத்துல நின்னு உழைக்கறா, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மரியாதை வளருது. நான் காதல்னு சொல்லல, நட்பாவே இருந்திருக்கட்டும். இம்ப்ரின்ட்னால நாசமான ஒருத்தியும் இம்ப்ரின்ட் வேணாம்னு நினைக்கற ஒருத்தனும் ஒரே கூட்டத்துல, இதவிட என்ன வேணும் ஒரு எழுத்தாளருக்கு? மூணாவது பகுதியில லியா எங்கயோ ஓரமா நிக்கறா, அவ்வளவுதான்.

கேள்வி: கடைசியில சண்டையே நடக்கலையே, அதுதான எல்லாருக்கும் பெரிய ஏமாற்றம்? – கோவை வாசகர்

எனக்கு அது பெருசா தெரியல. அட்டையிலேயே செஸ் போர்டு, முன்னாடி வெள்ளை ராணி, பின்னாடி சிவப்பு சிப்பாய், மூளையால ஜெயிக்கற முடிவுன்னு அங்கயே சொல்லிட்டாங்க. ஆனா குழந்தையால ஆபத்தில்லன்னு காட்ட நூத்துக்கணக்கான பக்கம் சாட்சிகள கூட்டிக்கிட்டு வந்து, வாம்பயர்களுக்கு சட்டம் போடற வோல்டூரி மைதானத்துல வந்து நின்னு, பேசி, குழந்தைய பத்தி அவங்ககிட்ட புகார் சொன்ன ஐரினாவ மட்டும் அவங்களே கொன்னுட்டு, அப்புறம் எதிர்காலம் தெரியற ஆலிஸ், அந்த குழந்தை மாதிரியே பாதி வாம்பயரான நாகுவேல கூட்டிட்டு வந்ததும் கிளம்பி போயிடறாங்க, நம்ம பக்கம் வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. 2012-ல வந்த படத்துல இது அவங்களுக்கே உறுத்தியிருக்கணும், ஆலிஸ் காட்டற காட்சியா ஒரு முழு சண்டைய வச்சு எட்வர்டோட வளர்ப்பு அப்பா கார்லைல், சேத், லியான்னு சாகடிச்சு அப்புறம் "நடக்கல"ன்னு திருப்பிட்டாங்க. படம் பாக்கறப்போ எனக்கு உயிரே போச்சு, அந்த அளவுக்கு படம் ஜெயிச்சதுதான். புக்ல எனக்கு உறுத்தினது வேற. ஜேக்கப் கூட்டம் நிஜ ஓநாய் மனிதர்களே இல்ல, பட்டப்பகல்ல நிக்கறாங்களே, உருமாறறவங்கதான்னு அந்த மைதானத்துல வச்சு எட்வர்ட் போட்டு உடைக்கறான். நாலு புக்கா தன்ன ஓநாய்னு நம்பிட்டு இருந்த பசங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கேக்கவே இல்ல, வாதத்துக்கு ஒரு பாயிண்டா பயன்பட்டு அப்படியே போயிடுது.

கேள்வி: கதையில ஜேக்கப்போட இனமா வர்ற குவிலியூட்னு நிஜமாவே ஒரு மக்கள் இருக்காங்களா? இந்த ஓநாய் கதையெல்லாம் அவங்களோடதா? – புதுச்சேரி வாசகி

இருக்காங்க. வாஷிங்டன் மாநிலத்துல பசிபிக் கடலோரத்துல லா புஷ்ங்கற ஊர். க்வாட்டிங்கற உருமாற்றுபவர் ஓநாய்ங்கள மனுஷங்களா மாத்தினதுலேர்ந்து தாங்க வந்தோம்ங்கறது அவங்களோட தோற்றக் கதை. ரத்தக்காட்டேரியோட பகை, இம்ப்ரின்ட் இதெல்லாம் நாவல்ல சேத்தது. சியாட்டில் பர்க் மியூசியம் அவங்களோட சேந்து இந்த வித்தியாசத்த விளக்கறதுக்குன்னே ஒரு கண்காட்சி பக்கம் போட்டிருக்கு. படம் வந்து உலகமே அவங்க பேர்ல டி-ஷர்ட் வாங்கிட்டு இருந்தப்போ அவங்க கவலை சுனாமி, ஊர் கடல் மட்டத்துல இருக்கு, பள்ளிக்கூடமும் அங்கதான் இருந்துச்சு. மேட்டு நிலத்துக்கு போக 2012-ல அமெரிக்க அரசு ஒலிம்பிக் தேசிய பூங்காவுலேர்ந்து 785 ஏக்கர் குடுத்துச்சு, 2022-ல பள்ளிக்கூடம் மேட்டுக்கு மாறிடுச்சு. ஜேக்கப்ப பிடிச்சவங்க இதையும் ஒரு தடவ தேடி படிங்க.

கேள்வி: ஜேக்கப் கதைய வேற மாதிரி எழுத இனிமே வாய்ப்பிருக்கா? – சென்னை வாசகர்

2020-ல வந்த மிட்நைட் சன் முதல் புக்கையே எட்வர்ட் பக்கத்துலேர்ந்து சொல்றது, ஓநாய் பக்கம் அதுல இல்ல. ஆனா பத்தாவது வருஷத்துக்கு 2015-ல லைஃப் அண்ட் டெத்னு ஆணும் பெண்ணும் மாறின ட்வைலைட் ஒண்ணு வந்துச்சு, அதுல முதல் புக்கோட முடிவையே மாத்தி ஹீரோவ அங்கயே வாம்பயரா ஆக்கிட்டாங்க. முடிவு கல்லுல வெட்டினது இல்லன்னு அவங்களுக்கும் தெரியும். எனக்கு ஜேக்கப் ஜெயிக்கணும்னு கூட இல்ல சார், பெல்லாவ இழந்துட்டு லியாவையும் சேத்தையும் கூட்டிக்கிட்டு காட்டுக்குள்ள ஓடியிருந்தாலே போதும், ஒரு வருஷம் அழட்டும், அப்புறம் லா புஷ்ல அந்த ஷெட்ட திறந்து இன்னொரு ஓட்ட வண்டிய ரிப்பேர் பண்ணட்டும். லியா சொல்ற மாதிரி ஒரு புக் எப்பவாவது வந்துச்சுன்னா முதல் நாளே வாங்கிடுவேன்.