அப்பாவின் ஆர்கெஸ்ட்ரா (கடிதமும் பதிலும்)

அண்ணே வணக்கம்,

எனக்கு தங்கச்சிமடம், இப்ப சென்னையில வேலை. போன வாரம் ரூம்மேட் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஸ்பைனல் டாப்' போட்டுக் காட்டுனான். கற்பனையா ஒரு ராக் பேண்ட், பிரிஞ்சு போனவங்க 1992ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல திரும்ப சேர்ந்து கச்சேரி பண்ற காமெடி. விழுந்து விழுந்து சிரிச்சோம். பாதிக்கு மேல எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங்க அப்பா ஒரு காலத்துல ஊர்ல ஆர்கெஸ்ட்ராவுல பேஸ் கிடார் வாசிச்சவரு. அந்தப் பழைய ஆளுங்கல்லாம் கூடி வர்ற திருவிழாவுல மறுபடி வாசிக்கப் போறாங்களாம். எல்லாருக்கும் அறுபது தாண்டிருச்சு, ஊரே சிரிக்கும்ணே. எப்படித் தடுக்குறதுன்னு தெரியல. அப்புறம் இந்தப் படத்துல கதையே இல்லையே, இதே பேண்டப் பத்தி முன்னாடி வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்'ங்கிற முதல் படம் பாக்காம இதைப் பாத்தது தப்பா? தமிழ்ல ஏன் இப்படி எல்லாம் வரமாட்டேங்குது?

(பெயர் வேண்டாம்)

தம்பி,

உங்க கடிதம் வர்றதுக்கு முன்னாடியே இதே நினைப்பாத்தான் இருந்தேன். சமீபத்துல ராமநாதபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், மேடையில ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு பையன், அவ்வளவுதான். கரோக்கி. பையன் நல்லாத்தான் பாடுனான், குறை சொல்ல மாட்டேன், ஆனா பாடிட்டு பக்கத்துல திரும்பிப் பாக்குறதுக்கு அவனுக்கு ஒரு மனுசன் இல்ல. சாப்பிட உக்காந்தும் எனக்கு மனசு அதுலயேதான் கிடந்துச்சு.

தமிழ்ல ஏன் வரலைங்கிற கேள்விய விட்டுருங்க, அது ஆளாளுக்குப் பேசி அலுத்துப்போனது. கதை இல்லைங்கிறதும் அப்படித்தான், கச்சேரிப் படத்துல பாட்டுதான் கதை. 1992 படத்துல நடுநடுவுல வர்ற பேட்டி, ஊருக்குப் போற சீன் எல்லாம் கொஞ்சம் சவசவன்னுதான் இருக்கும், அதை நானும் ஒத்துக்கிறேன். மேடையில அவங்க வாசிக்கிறதுல குறையே கிடையாது.

நீங்க கவனிக்காம விட்டது இதத்தான். அந்த பேண்டா வர்ற மைக்கேல் மெக்கீன், கிறிஸ்டோபர் கெஸ்ட், ஹாரி ஷியரர் மூணு பேரும் நடிகருங்க, ஆனா கையில இருக்கிறதை நிஜமாவே வாசிக்கிறாங்க, பாட்டும் அவங்களே எழுதுனதுதான். டிரம்ஸ்ல இருக்கிற ரிக் பார்னெல் நிஜமான ராக் பேண்டுல வாசிச்ச ஆளு. முதல் படம் 1984ல ராப் ரைனர் எடுத்தது, வசனம் பெரும்பாலும் அங்கயே அப்பப்ப பேசுனது, பாத்தவங்கள்ல நிறைய பேரு இது நிஜ பேண்டுன்னே நம்புனாங்க. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். 1992ல நிஜமாவே ஒரு ஆல்பம் போட்டாங்க, குயீன் பேண்டுப் பாடகர் ஃபிரெடி மெர்குரி நினைவுக்கு வெம்ப்ளி ஸ்டேடியத்துல நடந்த கச்சேரியில பெரிய பெரிய ஆளுங்களோட ஒரே மேடையில ஏறி வாசிச்சாங்க. இல்லாத ஒரு குரூப்புக்கு ஜனங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து நின்னாங்க தம்பி. இங்க நம்ம கடற்கரையில ரத்தமும் சதையுமா இருந்த குரூப்ப, "அசல் பாட்டுதான் கேசட்டுல இருக்கே, இவங்க எதுக்கு"ன்னு சொல்லிச் சொல்லியே ஓய்ச்சுட்டோம். அதைச் செஞ்சவங்களோட புள்ள மாதிரி நீங்க எழுதியிருக்கீங்க, அதான் எனக்குக் கோவம்.

உங்க அப்பா வாசிச்ச குரூப் எதுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச குரூப் ஒண்ணு மண்டபம் ஊர்ப்பக்கம் இருந்துச்சு. ரிகர்சல் ஒரு கருவாட்டுக் கொட்டகையில, அதுவும் படகு போகாத நாள்லதான், ஏன்னா டோலக் அண்ணன் கடலுக்குப் போறவரு. கிடார் உறையெல்லாம் கருவாட்டு வாடை அடிக்கும். உப்புக்காத்து பட்டு கம்பி துருப்பிடிக்கும், ஜாக் பின்னு பச்சை பூத்துரும், அதை உப்புத்தாள் போட்டுத் தேச்சு தேச்சு பளபளன்னு ஆக்கித்தான் மேடைக்கு எடுத்துட்டுப் போவாங்க. தர்கா கந்தூரின்னா நாகூர் ஹனிபா பாட்டு, சர்ச் திருவிழான்னா மாதா பாட்டு, அம்மன் கோயில் பொங்கல்னா எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டு, எல்லாத்தையும் அதே ஆறேழு பேருதான் வாசிச்சாங்க. ராத்திரி பனி இறங்க இறங்க டோலக் தோல் தொய்ஞ்சு சுதி இறங்கும், அந்த அண்ணன் பாட்டுக்குப் பாட்டு அதை ஹாலஜன் லைட்டுகிட்ட கொண்டுபோய் சூடு காட்டித் தட்டித் தட்டிப் பாப்பாரு. விடிய விடிய வாசிச்சிட்டு, கமிட்டிக்காரங்க பேசுன காசுல பாதியக் கையில திணிச்சு அனுப்புனதையும் பாத்துருக்கேன்.

ஒரு திருவிழாவுல நல்ல உச்சத்துல பாட்டு போய்க்கிட்டு இருக்கையில ஜெனரேட்டர்ல டீசல் தீந்து பொட்டுன்னு எல்லாம் நின்னுருச்சு, கீபோர்டு செத்துச்சு, மைக் செத்துச்சு, லைட் இல்ல. கூட்டம் ஊளை விட ஆரம்பிச்சுச்சு. டோலக் அண்ணன் மட்டும் நிறுத்தவே இல்ல. பாட்டுக்காரரு மைக்க அங்கயே போட்டுட்டு மேடை ஓரத்துக்கு வந்து வெறும் தொண்டையில எடுத்தாரு, கொஞ்ச நேரத்துல ஊளை விட்டவங்களே கைதட்டி தாளம் போட்டாங்க. அப்ப யாரோ அடிச்ச டார்ச் வெளிச்சம் பேஸ் கிடார்காரர் கை மேல விழுந்துச்சு. கரண்ட் இல்லாம பேஸ் கிடார் சத்தம் ரெண்டடி கூட தாண்டாது, அது அவருக்கு நம்மளவிட நல்லாத் தெரியும், ஆனாலும் அவரு விரல் கம்பியில போய்க்கிட்டே இருந்துச்சு, ஒரு இடம் விடல, டோலக்கோட சரியா போய்க்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் கேக்கல. பாட்டு முடியிற வரைக்கும் வாசிச்சாரு.

முதல் படத்துல இதே மாதிரி ஒரு இடம் இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவும் சொல்றேன். மேடையில பெரிய கண்ணாடிக் கூடு மாதிரி மூணு வச்சிருப்பாங்க, பாட்டு ஆரம்பிச்சதும் அது திறந்து ஆளுங்க வெளிய வரணும். ரெண்டு திறந்துரும், ஹாரி ஷியரர் நிக்கிற கூடு திறக்காது. வெளிய ஒருத்தன் சுத்தியலாலயும் நெருப்பாலயும் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பான். எல்லாரும் அதுக்குத்தான் சிரிக்கிறோம், நானும் சிரிச்சேன். ஆனா அவர் கையப் பாருங்க. உள்ள மாட்டிக்கிட்டும் பேஸ் வாசிச்சுக்கிட்டுதான் இருப்பாரு. இன்னொரு இடத்துல 18 அடியில கேட்ட கல்தூண் செட்டு, படம் போட்ட காகிதத்துல அடிக்குப் பதிலா அங்குலம்னு குறிச்சதால 18 அங்குலத்துல வந்து இறங்கும். அப்பவும் பாட்ட நிறுத்த மாட்டாங்க. வழி தெரியாம மேடைக்கு அடியிலயே சுத்துறாங்க, போர்டுல பொம்மலாட்டத்துக்குக் கீழ பேரு போட்டு அவங்கள வாசிக்க விடுறாங்க, எதுக்கும் வாசிக்கிறதை விடல. அந்தச் சிரிப்புல வாசிக்கிறவன் மேல ஒரு துளி இளக்காரம் கிடையாது. பேரு, பெருமை, செட்டு, மேனேஜரு, இதையெல்லாம் போட்டு உரிக்கிறாங்க, வாசிப்பை மட்டும் தொடல, ஏன்னா அவங்களே வாசிக்கத் தெரிஞ்சவங்க. நீங்க அதுல இருந்து "வயசானவன் மேடை ஏறுனா கேவலம்"னு எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறீங்க. படத்தை மறுபடி பாருங்க தம்பி, இந்த தடவ முகத்தப் பாக்காதீங்க, கையப் பாருங்க.

ஊர் சிரிக்கும்தான். சிரிக்கட்டும், அதுக்காக அவங்க வாசிக்கிறது நிக்கணுமா. உங்க அப்பா ஒரு வேலையக் கத்து, குடும்பத்துக்காக அதைத் தூக்கிப் பரண்ல வச்சவரு, நீங்க எழுதாட்டியும் எனக்கு அது புரியுது. நீங்க சென்னையில இருக்கிறதுக்குப் பின்னால அந்தப் பரண் இருக்கு. தடுக்கிற யோசனையெல்லாம் இன்னையோட விட்டுருங்க.

அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. அந்தக் கிடார்ல கம்பி இந்நேரம் துருப்பிடிச்சு விரலக் கிழிக்கிற மாதிரிதான் இருக்கும். சென்னையிலதான இருக்கீங்க, பேஸ் கம்பி நல்ல செட்டா ஒண்ணு வாங்கி முன்கூட்டியே அனுப்பி வைங்க, புதுக் கம்பிக்குக் கை பழக அவருக்கு நாள் வேணும். முதல் படம் பாக்காததுல தப்பு ஒண்ணும் இல்ல, இப்பப் பாருங்க, 82 நிமிஷம்தான், ஊருக்குப் போறப்ப அப்பாவப் பக்கத்துல உக்கார வச்சு நிறுத்தி நிறுத்திக் காட்டுங்க. திருவிழா தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்க, முன்வரிசையில ஒரு சேர் போட்டு வைங்க. நடுவுல எந்திரிச்சுப் போற ஆளு இல்ல நான்.