சிட்டிசன் ஸ்லீப்பர்: பகடையில் ஒன்றும் இரண்டுமாக விழுந்தால்

வணக்கம் நண்பரே. சிட்டிசன் ஸ்லீப்பர் என்ற வீடியோ விளையாட்டில் ஒரு மணி நேரமாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன், சண்டையே வரவில்லை, பகடையும் ஒன்று இரண்டாகவே விழுகிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எதிர்பார்க்கும் சண்டை இதில் கிடையாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு சுற்று என்பது விளையாட்டில் ஒரு நாள்; அன்று விழும் பகடை ஒவ்வொன்றையும் ஒரு வேலைக்குச் செலவிடுகிறோம். சிறிய எண்களை வீணென்று நினைக்காதீர்கள். சில சுற்றுகள் போனதும், கதை நடக்கும் விண்வெளி நிலையத்தின் தரவு வலைக்குள் நுழையும் வழி திறக்கும். அங்கே பெரிய எண்ணுக்கு மதிப்பில்லை, கேட்கிற எண்தான் வேண்டும். என் ஒன்று, இரண்டெல்லாம் அங்கேதான் போயின. ஐந்து, ஆறு விழுந்தால் கூலி வேலைக்கு. உடல்நிலை இறங்க இறங்கப் பகடைகளும் குறையும், ஆகவே மருந்துக்குக் காசு ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் அந்த வாசிப்பு. கதையில், நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான இயந்திர உடலில் தப்பி வந்த மனம் நீங்கள். இதைப் படமாகக் காட்டியிருந்தால் பார்த்துவிட்டு நகர்ந்திருப்போம். மீதமிருக்கும் காசு சாப்பாட்டுக்கா மருந்துக்கா என்று தவிக்கும்போது படித்தால் ஒவ்வொரு வரியும் தைக்கிறது. எனக்கு அது பிடிபடவே இரண்டு மணி நேரம் ஆனது.

களைத்துப்போன இரவில் மட்டும் உட்காராதீர்கள். முதல் தடவை நான் பாதியிலேயே தூங்கிவிட்டேன்.