முதலில் அந்தச் செருப்பைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: 3 ஆண்டுகளாகச் சமைக்காத தாவர உணவை மட்டுமே உண்டு வருகிறேன். எனக்கு வழிகாட்டிய ஆசிரியையின் வகுப்புகளுக்கு ஆள் சேர்ப்பதும், அவருடைய ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியைக் கமிஷனுக்கு விற்பதும்தான் இப்போது என் வருமானம். 68 வயதான என் அம்மாவும் என்னோடு இந்த உணவுக்கு மாறினார். அவர் இளைத்த பிறகு எடுத்த படத்தைத்தான் விளம்பரத்தில் போடுகிறோம். சில மாதங்களாக அவருக்குப் பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறார். நச்சு வெளியேறுகிறது என்று ஆசிரியை சொன்னார். ஹீமோகுளோபினும் சரியாகவே இருந்தது. என் பிரச்சினை வேறு. ஆசிரியை வீட்டில் சமைத்த உணவையே சாப்பிடுகிறார் என்று தெரியவந்திருக்கிறது. ஓர் இயக்கத்தை வியாபாரமாக்கிவிட்டார்களே என்று மனம் வெதும்புகிறது. அவரை விட்டு விலகலாமா?

பதில்: சகோதரி, உங்கள் ஆசிரியை வீட்டில் எதைச் சாப்பிடுகிறார் என்பதைப் பிறகு பார்க்கலாம். செருப்பு கழன்றது தெரியாமல் பெற்ற தாய் நடக்கிறார் என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "என் பிரச்சினை வேறு" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பாதத்தில் உணர்ச்சி குறைவதற்குச் சர்க்கரை நோய் உட்படப் பல காரணங்கள் உண்டு. எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பால், முட்டை, இறைச்சி எதுவுமே இல்லாத உணவில் பி12 வைட்டமின் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை என்பதும், கல்லீரலில் இருக்கும் சேமிப்பு தீர்வதற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்பதும், வயதானவர்களின் உடல் அதை உணவிலிருந்து உறிஞ்சும் திறன் குறைந்துவிடுகிறது என்பதும் மருத்துவம் நன்கு அறிந்தவை. அம்மாவின் 3 ஆண்டுகளையும் 68 வயதையும் இவற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபினைக் காட்டி ஆறுதல் அடைய வேண்டாம். பச்சைக் கீரைகளில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைந்திருப்பதால், பி12 குறைந்தாலும் ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம். அதற்குள் நரம்பு பழுதடைந்துகொண்டிருக்கும், காலம் கடந்தால் அந்தப் பழுது மீளாமலே போகக்கூடும். நீங்கள் விற்கும் ஸ்பைருலினாவில் பி12 என்று கணக்கிடப்படுவதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அதையும் அம்மாவுக்குத் தினமும் கரைத்துக் கொடுத்திருப்பீர்கள்.

பல ஆண்டுகளாகச் சமைக்காத உணவையே உண்டுவந்த 201 பேரை ஜெர்மனியில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறைவாக இருந்தது. இந்தச் செய்தி எந்த விளம்பரத்துக்கும் பொருந்தும். அதே ஆய்வு, அவர்களில் 38 சதவீதத்தினருக்கு பி12 பற்றாக்குறை இருந்ததையும் சொல்கிறது. விற்கிறவர் முதல் பாதியை மட்டும் எடுத்துச் சொன்னால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது, கேட்பவர் மட்டும் ஏமாந்து போவார். இந்த இயக்கம் முன்பு தூய்மையாக இருந்து இப்போதுதான் கெட்டது என்றும் எண்ணாதீர்கள். கோதுமைப்புல் சாற்றைப் பரப்பிய ஆன் விக்மோர், தம் முறையால் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் தேவையே குறையும் என்று சொல்லிவந்தார்; அதற்காக 1982-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு வழக்கறிஞர் அவர்மீது வழக்குத் தொடுத்தார்.

வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று பிறரைச் சொல்கிறீர்கள். கமிஷன் வாங்குவது யார்? பெற்றவரின் உடம்பை விளம்பரப் படமாக்கிய நாளிலிருந்து, அவருக்கு வரும் நோய் உங்கள் வருமானத்துக்கு இடைஞ்சலாகிவிட்டது. அதனால்தான் மரத்துப்போன காலைப் பார்த்தும் உங்களுக்குப் பதறவில்லை. இந்த வயதில், இத்தனை கால உணவுப் பழக்கத்தை ஒரே நாளில் விட்டுவிட்டு ஒருவர் மாறுகிறார் என்றால், மகள் தனக்குக் கெடுதல் செய்யமாட்டாள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் மாறியிருப்பார். பெற்றோரின் முதுமையில் அவர்கள் உடம்பைக் கவனிப்பது பிள்ளைகளின் முதல் கடமை என்று நான் நம்புகிறேன். எந்தக் கொள்கையும் எந்தக் குருவும் அதற்குப் பிறகுதான்.

நாளைக்கே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 3 ஆண்டுகளாக அவர் என்ன சாப்பிட்டார், எந்தப் பொடியைக் குடித்தார் என்பதைக் கூச்சப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் பி12 அளவையும், சர்க்கரையையும், தேவைப்பட்டால், பி12 குறைந்தால் ரத்தத்தில் உயரும் மெத்தில்மலோனிக் அமில அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பி12 பற்றாக்குறைதான் காரணம் என்றால் ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன, விலையும் அதிகமில்லை. நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பழத்தையும் காய்கறியையும் பச்சையாகச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை; பி12 மாத்திரையோடு சாப்பிடுங்கள், அம்மாவுக்கு மட்டும் அவர் விரும்பியதைச் சமைத்துக் கொடுங்கள்.

ஆசிரியையை விட்டு விலகுங்கள். அவர் ஒளிந்து சாப்பிட்ட சோறு அவருடைய வயிற்றோடு போயிற்று; ஒரு முதியவளின் நரம்பு செத்துக்கொண்டிருப்பதை நச்சு வெளியேறுவதாகச் சொல்லி மருத்துவரிடம் போகவிடாமல் செய்தாரே, அந்த ஒன்றுக்காக விலகுங்கள். அம்மாவின் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள். பொடி வாங்கியவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொருவருக்கும், அம்மாவின் கால் மரத்துப்போனதையும், அந்தப் பொடியை நம்பி பி12-ஐ விட்டுவிடக் கூடாது என்பதையும் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு, உங்கள் பங்குக் கமிஷனையாவது கொடுத்துவிடுங்கள்.