கதவு பெண்பால், சாலை ஆண்பால்: கிரேக்க இலக்கணச் சந்தேகங்கள்

கேள்வி: நவீன கிரேக்கம் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். கதவு பெண்பாலாம், சாலை ஆண்பாலாம், சிறுமி மட்டும் இரண்டிலும் சேராதாம்! இதை எப்படி நினைவில் வைப்பது?

பதில்: அர்த்தத்தில் காரணம் தேடாதீர்கள், கிடைக்காது. தமிழில் பொருளைப் பார்த்துப் பால் வருகிறது, அங்கே பெரும்பாலும் சொல்லின் முடிவைப் பார்த்து வருகிறது. 'ஓஸ்' என்று முடியும் 'த்ரோமோஸ்' (சாலை) ஆண்பால், 'ஆ' என்று முடியும் 'போர்த்தா' (கதவு) பெண்பால். சிறுமிக்கான 'கொரீட்சி' அலிப்பால், அதாவது இரண்டிலும் சேராத மூன்றாவது பால், ஆனால் சிறுவனுக்கான 'அகோரி'யும் அப்படித்தான், எனவே யாரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. விதிவிலக்கும் உண்டு: தெருவைக் குறிக்கும் 'ஒதோஸ்' பார்வைக்கு ஆண்பால், உண்மையில் பெண்பால். அதனால் எந்தச் சொல்லையும் தனியாக மனப்பாடம் செய்யாமல், முன்னால் வரும் ஆர்ட்டிகிளோடு (ஆங்கில 'the' மாதிரியான சிறு சொல்) சேர்த்தே படியுங்கள்: ஆண்பாலுக்கு 'ஓ', பெண்பாலுக்கு 'ஈ', மூன்றாவதற்கு 'தோ'. 'யாத்ரோஸ்' என்றால் மருத்துவர். 'ஓ யாத்ரோஸ்' என்றால் ஆண், 'ஈ யாத்ரோஸ்' என்றால் பெண், சொல் மாறவே இல்லை பாருங்கள்.

கேள்வி: வேற்றுமை என்றாலே பயமாக இருக்கிறது.

பதில்: எட்டு வேற்றுமையோடு வளர்ந்தவர் நான்கைக் கண்டு பயப்படலாமா? எழுவாய், செயப்படுபொருள், உடைமை, விளி, அவ்வளவுதான். நாம் 'ஐ' என்ற உருபைப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் சொல்லின் முடிவை மாற்றுவதோடு ஆர்ட்டிகிளையும் மாற்றுவார்கள்: 'ஓ யாத்ரோஸ்' மருத்துவர், 'தோன் யாத்ரோ' மருத்துவரை. பழைய கிரேக்கத்தில் நம் 'கு' மாதிரி ஒரு வேற்றுமை இருந்தது, பேச்சு மொழியில் அது எப்போதோ உதிர்ந்துவிட்டது, அந்த வேலையை இப்போது பெரும்பாலும் 'செ' என்ற முன்னிடைச்சொல் பார்க்கிறது. ஆட்களின் பெயருக்கும் ஆர்ட்டிகிள் போட வேண்டும், 'ஓ யானிஸ்' என்றுதான் சொல்வார்கள். கூப்பிடும்போது மட்டும் வேண்டாம்.

கேள்வி: வினைச்சொல் எப்படி?

பதில்: இங்கே உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். 'க்ராஃபோ' எழுதுகிறேன், 'க்ராஃபிஸ்' எழுதுகிறாய்: 'நான்', 'நீ' சொல்லவே வேண்டாம், முடிவே ஆளைக் காட்டிவிடும். 'க்ராஃபி' என்றால் எழுதுகிறான், எழுதுகிறாள், எழுதுகிறது மூன்றும்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'எழுத விரும்புகிறேன்' என்பதில் வரும் 'எழுத' மாதிரியான எச்ச வடிவம் நவீன கிரேக்கத்தில் கிடையாது. 'தேலோ நா க்ராப்ஸோ' என்று இரண்டு வினைக்கும் 'நான்' முடிவு போட வேண்டும், ஆள் மாறினால் இரண்டும் மாறும்: 'தேலிஸ் நா க்ராப்ஸிஸ்'. 'க்ராஃபோ' எப்படி 'க்ராப்ஸோ' ஆனது என்கிறீர்களா? ஒரே முறை செய்து முடிக்கும் செயலுக்கு வினையடியே வேறு. அதற்கு இப்போதே அட்டவணை போடாதீர்கள், முதலில் நிகழ்காலத்தில் நாலு வாக்கியம் தடங்கலில்லாமல் வரட்டும்.