பூச்சி சாப்பிடுவதைச் சிலர் மட்டும் ஏன் அருவருப்பாகப் பார்க்கிறார்கள்?

ருசியைவிடப் பழக்கம்தான் பெரிய காரணம். ஐரோப்பாவில் குளிர் மாதங்களில் பூச்சி கிடைப்பதே அரிது, கிடைப்பதும் பொடிசு. ஆடு மாடு வளர்த்தவர்களுக்கு பூச்சியைப் பொறுக்கித் தின்னும் அவசியமும் இல்லை, அதனால் பூச்சி என்றாலே பயிரைத் தின்பது, அழுக்கில் மொய்ப்பது என்று மனதில் பதிந்துவிட்டது. வெப்ப நாடுகளில் கதை வேறு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் செவ்வெறும்புச் சட்னிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. நம் ஊரிலும் மழை விட்டதும் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, இறகைப் புடைத்துவிட்டு, அரிசியோடு வறுத்துத் தின்பவர்கள் உண்டு. புறநானூற்றிலேயே ஈசலும் மோரும் சேர்ந்த புளிப்புக் கறி வருகிறது. அப்புறம், இறால் மட்டும் என்னவாம்? அதுவும் பூச்சிக்குச் சொந்தம்தான், தண்ணீரில் இருப்பதால் அருவருப்பிலிருந்து தப்பித்துவிட்டது, குழம்பிலிருந்து தப்பவில்லை.