பக்கத்து வீட்டு ஹாம் ரேடியோ எங்கள் ஸ்பீக்கரில் கேட்கிறது, டிவி படமும் உடைகிறது. யாரிடம் புகார் கொடுப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஹாம் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்) ஆன்டெனா நிற்கிறது. அவர் மைக்கில் பேசும்போதெல்லாம் உங்கள் ஹோம் தியேட்டரில் கொழகொழவென்று ஒரு குரல் கேட்கிறது. சில நேரம் கேபிள் டிவி படமும் கட்டம் கட்டமாக உடைகிறது. போலீசுக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

போலீஸ் வேண்டாம். முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நானும் உரிமம் வாங்கிய ஹாம்தான். என் ஆன்டெனாவால் கீழ் வீட்டு அக்காவுக்கு இதே தொல்லை வந்தது, இருவருமாகச் சேர்ந்துதான் தீர்த்தோம். அவர் உதவி இல்லாமல் நீங்கள் தனியாகவோ, உங்கள் உதவி இல்லாமல் அவர் தனியாகவோ இதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

நடப்பது இதுதான். ஹாம்கள் பேசும் அலைவரிசைகளில் ஒன்றான 14 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அந்த அலையின் நீளம் சுமார் 21 மீட்டர். அதில் கால் பங்கு 5 மீட்டர் சொச்சம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஹாலைச் சுற்றிப் பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். ஆக, அந்த ஒயரே நல்ல ஆன்டெனாவாகிவிடுகிறது. அது பிடித்த அலை ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.க்குள் நுழையும்போது அங்குள்ள டிரான்சிஸ்டர்கள் டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கமாக விடும் பாகம்) போல வேலை செய்து அதை ஒலியாக மாற்றிவிடுகின்றன. ஹாம்கள் பெரும்பாலும் சிங்கிள் சைடுபேண்ட் முறையில் (சிக்னலில் ஒரு பகுதியை மட்டும் அனுப்புவது, அதற்கென்றே செய்த ரேடியோவில்தான் தெளிவாகக் கேட்கும்) பேசுவதால்தான் குரல் கேட்கிறதே தவிர வார்த்தை புரிவதில்லை. அவருடைய ரேடியோ தனக்கு அனுமதித்த அலைவரிசையில் சுத்தமாக வேலை செய்தாலும் இது நடக்கும். வெளியிலிருந்து வரும் அலையைத் தடுக்க உங்கள் பெட்டியில் போதிய ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான். கேட்கக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், ஆனால் இது தெரிந்தால் எங்கே கை வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கு முன், காரணம் அவர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போன் அடிப்பதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கரில் 'டிட்-டிடிட்-டிட்' என்று கேட்டால் அது உங்கள் செல்போனின் 2ஜி சிக்னல். தொல்லை வரும் தேதி, நேரம், எந்தச் சாதனம் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஹாம்களில் பலர் யாருடன் எப்போது எந்த அலைவரிசையில் பேசினோம் என்று லாக் புத்தகம் எழுதுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் தெளிவாகிவிடும்.

அடுத்தது சோதனை. எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். இன்னொரு ஹாம் நண்பரை மேலே என் ரேடியோவில் உட்காரவைத்து "ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னேன். கீழே அக்கா வீட்டில் ஆம்ப்ளிஃபையரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தோம். குரல் துளிகூடக் குறையவில்லை. "தம்பி, சவுண்டே வைக்கல, அப்பவும் பேசுதே!" என்றார் அக்கா. நமக்கு வேண்டிய துப்பு அதுதான். வால்யூமைக் குறைத்தும் சத்தம் மாறவில்லை என்றால் அலை வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிறகு நுழைகிறது. பெரும்பாலும் ஸ்பீக்கர் ஒயர் வழியாக. வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால், டிவியிலிருந்தோ செட்டாப் பாக்ஸிலிருந்தோ வரும் ஆடியோ ஒயரைச் சந்தேகப்படுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்து ஓர் ஒயரைக் கழற்றுவது, மறுபடி போட்டுக் கேட்பது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பின்பக்க இடது ஸ்பீக்கர் ஒயரை எடுத்ததும் குரல் நின்றது.

மருந்து ஃபெரைட் வளையம், அதாவது இரும்பு ஆக்சைடு கலந்து பீங்கான் மாதிரி சுட்டெடுத்த காந்தப் பொருள் வளையம். அந்த ஒயரின் இரண்டு இழைகளையும் சேர்த்தே, ஆம்ப்ளிஃபையர் முனைக்குப் பக்கத்தில், வளையத்துக்குள் நுழைத்து நுழைத்துச் சுற்ற வேண்டும். ஒரே ஒரு இழையைச் சுற்றினால் பாட்டின் தரம்தான் கெடும். இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் பாட்டு வழக்கம்போல் போகும், வெளியிலிருந்து ஏறிய அலை மட்டும் தடைபடும். பலர் சறுக்குவது சுற்று எண்ணிக்கையில்தான். கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட்டை ஒன்று வாங்கி மாட்டிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். அது ஒரே ஒரு சுற்றுக்குத்தான் சமம். தடை, சுற்றுகளின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது: ஒரு சுற்றோடு ஒப்பிட்டால் 3 சுற்றுக்குச் சுமார் 9 மடங்கு, 10 சுற்றுக்குச் சுமார் 100 மடங்கு. 7, 14 மெகாஹெர்ட்ஸுக்கு '31' ரக ஃபெரைட்டில் பெரிய வளையம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். அவர் பேசுவது 144 மெகாஹெர்ட்ஸில் என்றால் '43' ரகத்தில் சில சுற்றே போதும். கூடுதலாகச் சுற்றினால் பலன் குறையும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் இதற்கு உதவாது, அது இரும்புத்தூளில் செய்தது.

டிவி விஷயம் வேறு. கேபிள் டிவி ஒயருக்குள் ஓடும் அலைவரிசைகளில் ஹாம்கள் பேசும் 144-146 மெகாஹெர்ட்ஸும் அடக்கம். ஒயரின் மேலுறை வலை முழுசாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஆனால் மொட்டைமாடியில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, துருப்பிடித்த ஸ்ப்ளிட்டர், கையால் இழுத்தாலே கழன்று வரும் கனெக்டர் என்று இருந்தால் வெளி அலை உள்ளே புகுந்துவிடும், படமும் உடையும். கேபிள்காரரைக் கூப்பிட்டு வீட்டுக்கு வரும் ஒயரையும் இணைப்புகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால் அந்த ஒயரையும் ஃபெரைட்டில் சுற்றலாம், உள்ளே போகும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

அவர் பக்கம் குறையே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ரேடியோ தன் அலைவரிசையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் கொஞ்சம் கசியவிட்டால் அது அவர் சரிசெய்ய வேண்டிய குறை. 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் அதற்குத்தான். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டி, அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் பெட்டி) அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் உங்கள் வீட்டில் கேட்டால், அலை ரேடியோ பெட்டியிலிருந்தோ மின்சார ஒயர் வழியாகவோ வருகிறது. நின்றுவிட்டால் ஆன்டெனாவையும் அதன் கேபிளையும் பார்க்க வேண்டும். கேபிளின் வெளியுறையில் அலை வழிந்து வீடு வரை வருவதைத் தடுக்க ஆன்டெனா அடியில் ஒரு சோக் (ஃபெரைட் வளையம் மாதிரி அலையைத் தடுப்பது) போடுவார்கள். ஆன்டெனாவை நகர்த்த இடமிருந்தால் அதுவும் பெரிய உதவி: உங்கள் சுவரிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளினால், 100 வாட்டை 25 வாட்டாகக் குறைத்த பலன் ஏறக்குறைய கிடைக்கும்.

அவர் ஒத்துழைக்க மறுத்தால்? உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. இந்தியாவில் தேர்வு எழுதித்தான் ஹாம் உரிமம் வாங்க முடியும். கொடுப்பது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோ-ஆர்டினேஷன்) பிரிவு. ஹாமுக்குக் கொடுக்கும் அடையாளப் பெயரான அழைப்புக்குறி பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். புகாரும் அந்தத் துறைக்குத்தான் போக வேண்டும். அலைகளை அளந்து பார்க்க அவர்களிடம் தனிக் கண்காணிப்பு அமைப்பே இருக்கிறது. நீங்கள் குறித்து வைத்த தாளின் நகலையும் இணையுங்கள்.

அவர் உங்கள் வீட்டுக்கு வரும் அன்று ஒரு காரியம் செய்யுங்கள். அவர் ரேடியோவைக் கேட்கும் நிலையில் வைத்துவிட்டு வரட்டும், அவர் வீட்டில் ஒருவர் போனில் இருக்கட்டும். உங்கள் மலிவு எல்.இ.டி. பல்புகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து அவருக்கும் இரைச்சல் போய்க்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எதை அணைத்ததும் அங்கே இரைச்சல் விழுகிறதோ, அந்தச் சார்ஜரின் ஒயரையும் இதே மாதிரி ஃபெரைட் வளையத்தில் சுற்றிவிடுங்கள்.