கடிதத்தால் தோற்றோமா?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் வரலாறு பாடம் எடுக்கிறேன். சென்ற சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நான் ஆதரித்த வேட்பாளர் சொற்ப வாக்குகளில் தோற்றார். வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் முன்பு அவர் கட்சியின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாட்ஸப்பில் பரவியது. குறிப்பிட்ட ஒரு சாதியாரின் ஓட்டு நமக்கு வேண்டாம் என்று தலைமை சொல்வதாக இருந்தது. அப்பட்டமான போலி. எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டவர் என் தாய்மாமா. இன்றுவரை உண்மை என்றே சாதிக்கிறார். அந்தக் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம். நாம் 1933 ஜெர்மனியில்தான் இருக்கிறோமா? இந்தப் பொய்களைப் புரிந்துகொள்ள எந்தக் காலகட்டத்து வரலாற்றைப் படிக்க வேண்டும்? மாமாவிடம் எப்படிப் பேசுவது?

குமரன்

அன்புள்ள குமரன்,

‘நான்கு நாள் முன்பு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். வேறொரு தேர்தலின் கடைசி நான்கு நாட்களைப் பற்றித்தான் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஜெர்மனியை ஓரமாக வையுங்கள். வரலாறு சொல்லிக்கொடுப்பவரே இப்படிக் கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஒருவரையொருவர் ஹிட்லர் என்கிறார்கள். இருவருக்கும் தெரிந்தது அந்த மீசை மட்டும்தான். முடிவை முதலிலேயே எடுத்துவிட்டு அதற்குப் பழைய காலத்தில் சாட்சி தேடுகிற வேலை இது. வரலாற்றுத் துறை கற்றுத்தரும் உருப்படியான பழக்கம் வேறு: ஒரு காகிதம் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது என்று விடாமல் பின்தொடர்வது.

1924, பிரிட்டன். அந்த ஜனவரியில்தான் ராம்சே மெக்டொனால்ட் தலைமையில் லேபர் கட்சி முதன்முறையாக ஆட்சிக்கு வந்திருந்தது. பெரும்பான்மை கிடையாது. ஆகஸ்டில் சோவியத் ரஷ்யாவுடன் ஒப்பந்தம் போட்டார்கள். கம்யூனிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கை அரசு வாபஸ் வாங்கிய விவகாரத்தில் அக்டோபர் 8 அன்று 364க்கு 198 என்று தோற்று ஆட்சி கவிழ்ந்தது. 29 புதன்கிழமை தேர்தல். 25 சனிக்கிழமை காலை டெய்லி மெயில் ஒரு கடிதத்தை வெளியிட்டது. ‘சோஷலிஸ்டுகளின் எஜமானர்கள் தீட்டிய உள்நாட்டுப் போர்ச் சதி’ என்று தலைப்பு. மாஸ்கோவிலிருந்து, பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் தலைவர் ஜினோவியேவ், பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எழுதியதாம். ரஷ்ய ஒப்பந்தங்களை நிறைவேற்றத் தொழிலாளர்களைக் கிளப்புங்கள், ராணுவப் பிரிவுகளுக்குள் ரகசியக் குழுக்கள் அமையுங்கள் என்றது.

இப்போது பாதையைப் பாருங்கள். கடிதத்தின் தேதி செப்டம்பர் 15. லாட்வியாவின் தலைநகர் ரிகாவில் இருந்த பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவுத்துறைக் கிளை அதை லண்டனுக்கு அனுப்பியது. வந்து சேர்ந்தது ஆங்கில வாசகம். மூலக் கடிதம் இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை. வெளியுறவு அலுவலகம் சரியான கேள்வியைத்தான் கேட்டது: இது உண்மை என்பதற்கு வேறு ஆதாரம் உண்டா? உண்டு என்று பதில் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருக்கும் ஒற்றர் ஒருவர், கட்சி கூடி இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசியதாகச் சொல்கிறார் என்று.

நான் சில மாதங்களாகச் சுற்றிக்கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். அந்த ஒற்றர் எழுத்தில் கொடுத்த அறிக்கையில் மாஸ்கோ கடிதம் என்ற பேச்சே இல்லை. டெஸ்மண்ட் மார்ட்டன் என்ற உளவு அதிகாரி அவரைச் சந்தித்து மேற்கொண்டு விசாரித்த பிறகுதான் கடிதம் உள்ளே வருகிறது. என்ன பதில் வேண்டும் என்பது கேள்விக்குள்ளேயே இருந்தால் பதில் தானாக வந்துவிடும். பிறகு அது ‘இரண்டாவது ஆதாரம்’ என்று கோப்பில் ஏறும். உங்கள் குழுவில் மூன்று பேர் ‘எனக்கும் வந்தது’ என்று சொன்னபோது மாமாவுக்கு மூன்று ஆதாரம் கிடைத்துவிட்டது அல்லவா? மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை.

அடுத்தது இன்னும் மோசம். கடிதத்தைக் கண்டித்து சோவியத் தூதரகத்துக்கு அனுப்ப வெளியுறவு அலுவலகம் ஒரு கண்டனக் குறிப்பைத் தயாரித்தது. மெக்டொனால்ட் பிரதமர் மட்டுமல்ல, வெளியுறவு அமைச்சரும் அவரே. பிரச்சாரத்தில் இருந்தவர் வரைவைத் திருத்தித் திருப்பி அனுப்பினார், ஒப்பம் வைக்கவில்லை. மறுபடி தன் பார்வைக்கு வரும் என்று நினைத்தார். டெய்லி மெயிலிடம் நகல் இருக்கிறது என்று தெரிந்ததும் துறையின் தலைமை அதிகாரி ஐர் குரோ 24ஆம் தேதி குறிப்பையும் கடிதத்தையும் சேர்த்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆக, சனிக்கிழமை காலை வாக்காளர் கையில் இருந்தது கடிதமும், அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மெக்டொனால்டின் அரசே எழுதிய கண்டனமும். அதற்குமேல் யார் சந்தேகப்படுவார்? மெக்டொனால்ட் வாய் திறந்தது திங்கட்கிழமை, கார்டிஃபில். இடையில் இரண்டு முழு நாள்.

உங்கள் வேட்பாளர் தரப்பு என்ன செய்தது என்று நீங்கள் எழுதவில்லை. ‘எந்தச் சமூகத்தையும் நாங்கள் இழிவுபடுத்தியதில்லை’ என்று அறிக்கை விட்டிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன். அப்படிச் செய்யக் கூடாது. கடிதத்தின் உள்ளடக்கத்துக்குப் பதில் சொன்ன கணமே அந்தக் கடிதம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிறது. முதல் வரியிலேயே ‘இந்தக் கடிதம் எங்களுடையது அல்ல’ என்று சொல்லி, எது தவறு என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஜினோவியேவ் காட்டினார்: எங்கள் அமைப்பின் பெயரில் ‘மூன்றாம்’ என்ற சொல்லை இப்படிப் போடுவதில்லை, கையெழுத்தின் கீழ் இருப்பது என் பதவியின் பெயர் அல்ல, அந்தத் தேதியில் நான் கிஸ்லோவோத்ஸ்கில் ஓய்வில் இருந்தேன். அமைப்பின் முழுப்பெயர், பதவி, கையெழுத்திட்டவர் அன்று எங்கே இருந்தார் என்ற மூன்றையும் லெட்டர்பேட் கடிதத்தில் அரைமணி நேரத்தில் பார்த்துவிடலாம். எழுத்துப்பிழையை மட்டும் ஆதாரமாக்காதீர்கள். நம் ஊரில் அசல் சுற்றறிக்கைகளில்தான் பிழை அதிகம்.

போலியை ஏன் நம்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கம்யூனிஸ்ட் அகிலம் நிஜமாகவே அப்படிப்பட்ட கடிதங்களை எழுதிக்கொண்டுதான் இருந்தது. அதே 1924இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு நடந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் தலைவர் எம்.என். ராய் வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதங்களைப் போலீஸ் வழியிலேயே பிரித்துப் படித்திருந்தது. நம் சென்னைச் சிங்காரவேலர் பெயரும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இருந்தது, உடல்நலம் குன்றியிருந்ததால் விசாரணைக்குக் கொண்டுபோகப்படவில்லை. நிஜக் கடிதங்கள் பல ஓடிக்கொண்டிருக்கும் தடத்தில்தான் போலியை ஏற்றிவிடுவார்கள். உங்கள் கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் எவராவது மேடையில் அந்தச் சாதியைப் பற்றி முன்பு ஏதாவது உளறியிருக்கிறாரா? விசாரியுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வாக்கியத்துக்கு வருகிறேன். ‘அந்தக் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்.’ எப்படித் தெரியும்?

லேபர் கட்சிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இதையே சொல்லி ஆறுதல் பட்டார்கள். எண்ணைப் பாருங்கள். அவர்கள் இடங்கள் 191இலிருந்து 151ஆகக் குறைந்தன, வாஸ்தவம். ஆனால் வாக்குகள் பத்து லட்சத்துக்கும் மேல் கூடின. சதவீதமும் ஏறக்குறைய 31இலிருந்து 33ஆக ஏறியது. நொறுங்கியது லிபரல் கட்சி: 158 இடம் 40 ஆனது. காசில்லாமல் சுமார் 340 வேட்பாளர்களைத்தான் நிறுத்தினார்கள். முந்தைய தேர்தலில் 450க்கும் மேல். கைவிடப்பட்ட அந்த ஓட்டுகளில் பெரும்பகுதி கன்சர்வேட்டிவ் பக்கம் போய், 258 இடம் 412 ஆனது. கடிதத்துக்குப் பாதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கடிதம் இல்லாமலும் லேபர் தோற்றிருக்கும் என்றுதான் எண்கள் சொல்கின்றன. பொய்க் கடிதம் ஜெயித்த கட்சிக்கு நான்கு நாள் உதவியது. தோற்ற கட்சி, தான் ஏன் தோற்றோம் என்று யோசிக்காமலிருக்க அதையே பல பத்தாண்டுகள் வைத்துக்கொண்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் மெக்டொனால்ட் அரசை மெச்ச வேண்டும். பதவி விலகுமுன் அமைச்சர்கள் குழு ஒன்று கடிதத்தை ஆராய்ந்து, இருக்கும் ஆதாரங்களை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை என்று எழுதியது. பாதிக்கப்பட்டவர்கள் அப்படி எழுதுவது அபூர்வம். அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் பிரதமர் பால்ட்வின் அரசின் குழுவுக்குச் சந்தேகமே இல்லை, கடிதம் அசல்! 1998இல் ராபின் குக் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது துறையின் வரலாற்றாசிரியர் கில் பென்னெட்டை ஆவணங்களைத் தோண்டச் சொன்னார். மறு ஆண்டு அறிக்கை வந்தது. கடிதம் பெரும்பாலும் போலி, உளவுத்துறை வட்டாரத்தவர் கன்சர்வேட்டிவ் கட்சி நலனுக்காகக் கசியவிட்டிருக்கலாம் என்றார். எழுதிய கை எது என்று அவராலும் அறுதியிட முடியவில்லை.

ஆகவே மாமாவை விடுங்கள். அவரிடம் வாதாட வேண்டாம், யாரிடமிருந்து எந்த நாள் எந்த நேரத்தில் வந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அனுப்பியவரிடம் அதையே கேளுங்கள். வாட்ஸப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிதாகப் போட்டால் அந்தக் குறி போய்விடும், அதை நம்பி உட்காராதீர்கள்.

பிறகு உங்கள் தோல்விக்கு வாருங்கள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் 20ஆம் படிவம் என்ற முடிவுத் தாள் இருக்கும், வாக்குச்சாவடி வாரியாக. இந்தத் தேர்தலையும் முந்தையதையும் இறக்கிக்கொள்ளுங்கள். சாவடி எண்ணை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள், எண்கள் மாறியிருக்கும். பள்ளியின் பெயரையும் தெருக்களையும் வைத்து இணையுங்கள். அந்தச் சாதியார் அதிகமுள்ள சாவடிகளில் உங்கள் ஓட்டு மற்ற சாவடிகளைவிடக் கூடுதலாகச் சரிந்ததா, மூன்றாவது வேட்பாளர் எவ்வளவு எடுத்தார், மொத்தப் பதிவு குறைந்ததா என்று பாருங்கள். படிவத்தின் கடைசியில் தபால் ஓட்டு தனி வரியாக இருக்கும். அதில் ஒரு பகுதி கடிதம் பரவுவதற்கு முன்பே போடப்பட்டிருக்கலாம். தபால் ஓட்டு போடுகிறவர்கள் பெரும்பாலும் தேர்தல் பணியில் இருக்கும் அரசு ஊழியர்களும் முதியவர்களும் என்பதால் அதை மற்ற ஓட்டோடு நேராக ஒப்பிடக் கூடாது, முந்தைய தேர்தலின் தபால் ஓட்டோடு ஒப்பிடுங்கள். அதிலேயே சரிவு தெரிந்தால், கடிதம் வருவதற்கு முன்பே நீங்கள் தோற்றுக்கொண்டிருந்திருக்கலாம். எக்செல் கோப்பை எனக்கு அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.